சுவிட்ச் போடவில்லை என்கிறார் வாப்பா

திருவள்ளூர்
3.11.2003

ஜோதிலட்சுமிக்கு,

வக்கீல் சார் கோர்ட்டுக்குப் போன பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதில் எழுதுவதாக இருந்தால் அலுவலக விலாசத்துக்கு எழுது. வீட்டுக்கு எழுதாதே. போன் செய்யாதே.

வியாழக்கிழமை, நோன்பின் மூன்றாம் நாள், மாலை நாலரை மணிக்கு வாப்பாவுக்கு ஷாக் அடித்தது. உன் சிடி பிளேயரிலிருந்து. 'உன்' என்று தெரிந்துதான் எழுதுகிறேன். பெட்டி எங்களுடையது. எண்பத்தேழில் சின்ன வாப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. பதினாறு வருடம் அது யாரையும் ஒன்றும் செய்யவில்லை. செப்டம்பரில் நீ வந்து இரண்டு நாள் அதைத் திறந்துபோட்டு வேலை செய்தாய். அதற்குப் பிறகுதான் இது.

அஸர் தொழுகைக்கு ஒளு செய்துவிட்டு ஈரக் கையோடு வந்தார். நோன்பு திறக்கும்வரை சிடியில் கிராஅத், குர்ஆன் ஓதுவதை, கேட்பது அவர் வழக்கம். பெட்டியின் மேல் தகட்டில் கை வைத்தார். சுவரில் போய் விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்திருக்கிறது. உள்ளங்கையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கருப்பு. குளியலறை ரப்பர் செருப்பைக் கழற்றாமல் வந்திருந்தார், அதனால் பிழைத்தார் என்று டாக்டர் சொன்னார்.

ஊருக்குக் கிளம்பும்போது நீ அவரிடம் சொன்னாய்: "இனிமே எங்க வேணா தொடுங்க வாப்பா, ஒண்ணும் ஆவாது." உம்மா இப்போது அந்த வாக்கியத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அழுகையும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

தெரிவிக்கவேண்டும், தெரிவித்தேன்.

மெஹர்னிசா


கும்மிடிப்பூண்டி
7.11.2003

மெஹர்,

கடிதம் நேற்று வந்தது. விடுதி வாசலில் நின்று படித்தேன். ஷிப்டுக்குப் போகிற பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

வாப்பாவின் கை எப்படி இருக்கிறது? எத்தனை வாரம் கட்டு? வலது கை என்றால் எப்படிச் சாப்பிடுகிறார்? இதற்கு மட்டுமாவது பதில் எழுது.

போன் செய்யாதே என்றாய். செய்தேன். வாப்பாதான் எடுத்தார். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டார். இடது கையால் எடுத்திருப்பார் என்று பிறகு தோன்றியது.

செய்ததை எல்லாம் வரிசையாக நினைத்துப் பார்க்கிறேன். அந்தப் பெட்டியில் மோட்டாருக்கும் பாட்டுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர். மோட்டார் சுற்றும் இரைச்சல் பாட்டுக்குள் கசிந்தது. ஓதுகிறவர் நிறுத்துகிற இடங்களில் கேட்டது. "அவுரு மூச்சு எடுக்கற எடத்துல எவனோ கொறட்ட உடறான்" என்று வாப்பா சொன்னாரே, அதுதான். பாட்டுக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் வைத்தேன். காய்ந்துபோன கெப்பாசிட்டர்களை மாற்றினேன். திரும்பி வருகிற கம்பிகளையெல்லாம் ஒரே திருகாணியில் சேர்த்தேன். திருகாணியைப் பெட்டியின் தகட்டோடு. தகட்டை எர்த்தோடு. பழைய இரண்டு முள் ஒயரை எடுத்துவிட்டு மூன்று முள் ஒயர் போட்டேன். பெட்டியின் உடம்புக்கு எர்த் கொடுத்தால் ஷாக் அடிக்காது. டிப்ளமோ முதல் வருடப் பாடம். நாம் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தது.

புது டிரான்ஸ்பார்மருக்குக் கரண்ட் வருகிற இரண்டு ஜாயிண்ட். அவற்றின்மேல் ஸ்லீவ், அந்தப் பிளாஸ்டிக் உறை, போட்டேனா?

தெரியவில்லை மெஹர்.

கண்ணை மூடினால் ஸ்லீவ் போடுகிற கை தெரிகிறது. ஆனால் அது கம்பெனியில் போடுகிற கை. ஒரு நாளைக்கு நானூறு ஜாயிண்ட், நானூறு ஸ்லீவ். எந்த நினைவு எந்த நாளுடையது என்று பிரிக்க முடியவில்லை. அன்று ஞாயிறு சாயங்காலம். ரயிலைப் பிடிக்கிற அவசரம். ஸ்லீவ் போடாமல் விட்டிருந்தால், ஜாயிண்ட் தகட்டில் பட்டிருந்தால்.

போட்டிருந்தால் ஷாக் அடித்திருக்காது. அடித்தது. ஆகவே போடவில்லை. இப்படித்தான் முடிகிறது ஒவ்வொரு தடவையும்.

சால்டரிங் வேண்டாம், பேக்கிங்கில் போடுங்கள் என்று சூப்பர்வைசர் சாராள் அக்காவிடம் கேட்டிருக்கிறேன். "இன்னாடி பேஜாரு உனக்கு? ரெண்டு வருசமா உன் போர்டு ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல" என்றார். நான் காரணம் சொல்லவில்லை. அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டினால் யாருக்கும் ஷாக் அடிக்காது.

மன்னிப்பு என்று எழுதினேன். அடித்துவிட்டேன். அது உன்னிடம் கேட்பதல்ல.

ஜோதி


கும்மிடிப்பூண்டி
16.11.2003

மெஹர்,

பதில் இல்லை. ஒன்பது நாள்.

இன்று சென்ட்ரல்வரை வந்தேன். திருவள்ளூர் லோக்கல் நின்றுகொண்டிருந்தது. ஏறவில்லை. உங்கள் தெருமுனைவரை வந்து திரும்புவதைவிட இது கொஞ்சம் கௌரவம்.

ஒரே ஒரு வேலை. எனக்காகச் செய். பெட்டி எங்கே இருந்தாலும், பிளக் செருகாமல், மேல் மூடியைத் திற. பின்பக்கம் நாலு திருகாணி. வலது மூலையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்கும். அதற்குப் போகிற இரண்டு கருப்புக் கம்பி. ஜாயிண்டில் சிவப்பு ஸ்லீவ் இருக்கிறதா, இல்லையா?

இல்லை என்றால் இல்லை என்று எழுது. தெரியாமல் இருப்பதுதான் முடியவில்லை. பேக்கிங்கில் மூன்றாவது நாள். கை சும்மா இருக்கிறது. தலை சும்மா இல்லை.

நீயும் டிப்ளமோக்காரிதான். பார்த்தால் உனக்குப் புரியும்.

ஜோதி


திருவள்ளூர்
21.11.2003

ஜோதிலட்சுமிக்கு,

பார்வை: உன் இரு கடிதங்கள். (நாள் முழுக்க இதையே டைப் அடிக்கிறேன். கை தானாக எழுதுகிறது.)

வாப்பாவுக்கு ஆறு வாரம் கட்டு. உம்மா ஊட்டுகிறார். வாப்பாவுக்கு அது அவமானம், ஆகவே எல்லோர்மேலும் எரிந்து விழுகிறார். நோன்பு ஒன்றுகூட விடவில்லை.

பெட்டியைச் சாக்கில் கட்டி மாடிப்படிக்குக் கீழே வைத்திருந்தார்கள். பெருநாள் கழிந்ததும் பழைய இரும்புக்காரனுக்கு. நேற்று எல்லோரும் தொழுகைக்குப் போன நேரத்தில் அவிழ்த்தேன். நாலாவது திருகாணி வரவில்லை. இடியாப்ப அச்சின் பிடியை நெம்புகோலாக வைத்தேன். டிப்ளமோக்காரி என்றாயே. மூன்று வருடமாக நான் தொட்ட கருவி டைப்ரைட்டர் மட்டும்தான்.

ஸ்லீவ் இருக்கிறது. இரண்டிலும். சூடு காட்டி இறுக்கியிருக்கிறாய். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. கம்பிகளை நூலால் கட்டிக்கூட வைத்திருக்கிறாய். தகட்டுக்கும் அந்த ஜாயிண்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி.

பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சுத்தமான வேலை. அதை எழுதாமல் விடக்கூடாது என்பதால் எழுதுகிறேன். கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. ஸ்லீவ் இருந்தும் அடித்தது என்றால் வேறு எங்கோ உன் கை தப்பியிருக்கிறது.

இன்னொன்று. இது உனக்கு உதவாது. வாப்பா ஒரே பிடிவாதமாக ஒன்று சொல்கிறார். சுவிட்ச் போடவில்லையாம். பிளக் செருகியிருந்தது, காலையில் நான்தான் செருகினேன். ஆனால் பிளக் பாயிண்ட் சுவிட்சை அவர் போடவே இல்லையாம். போடுவதற்குமுன் பெட்டிமேல் கை வைத்தார், அப்போதே அடித்தது என்கிறார். சுவிட்ச் போடாமல் எப்படி அடிக்கும்? நோன்பு மயக்கத்தில் போட்டது மறந்திருக்கும் என்று உம்மா சொல்கிறார். நானும் அப்படித்தான் சொன்னேன். அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

மெஹர்


கும்மிடிப்பூண்டி
24.11.2003

மெஹர்,

வாப்பா சொல்வது உண்மை. அவரை நம்பு.

அவசரமாக எழுதுகிறேன், டீ இடைவேளை. கேள்விகள்:

சுவர் பிளக் பாயிண்டில் சுவிட்ச் வெட்டுவது ஒரு கம்பியை மட்டும். கரண்ட் வருகிற பேஸ் கம்பியை. அதை வெட்டிய பிறகும் பெட்டியில் கரண்ட் இருந்தது என்றால் அது சுவிட்ச் வழியாக வரவில்லை. வேறு ஓட்டை வழியாக வந்திருக்கிறது. செப்டம்பருக்கும் நோன்புக்கும் நடுவில் வீட்டு ஒயரிங்கில் யாராவது கை வைத்தார்களா?

அந்தப் பாயிண்டில் முதலில் எர்த் இல்லை. எர்த் இல்லாமல் மூன்று முள் போடமாட்டேன் என்றேன். மறுநாள் காலை எர்த் போட்டாயிற்று என்றாய். யார் போட்டது? எப்படிப் போட்டார்கள்?

இப்போது செய்யவேண்டியது. ரப்பர் செருப்பு போட்டுக்கொள். கை காய்ந்திருக்கட்டும். இடது கையை முதுகுக்குப் பின்னால் வை. டெஸ்டரை மூன்று ஓட்டையிலும் விட்டுப் பார். முதலில் சுவிட்ச் அணைத்து. பிறகு போட்டு. எதில் எரிகிறது என்று எழுது. மேலே இருக்கிற பெரிய எர்த் ஓட்டையில் எரிந்தால் யோசிக்காதே, மெயினை இறக்கு.

வாப்பா ஒருவர்தான் அந்த நேரத்தில் அங்கே இருந்தவர். அவர் சொன்னதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. நானும் கேட்கவில்லை. என் ஸ்லீவைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜோதி


திருவள்ளூர்
29.11.2003

ஜோதி,

பெருநாள் புதன்கிழமை முடிந்தது. நேற்று பார்த்தேன்.

சுவிட்ச் அணைந்திருந்தபோது: இடது ஓட்டையில், நியூட்ரல் இருக்கவேண்டிய இடத்தில், எரிந்தது. மேல் ஓட்டையில் எரிந்தது. சுவிட்ச் போட்டபோதும் அப்படியே. வலது ஓட்டையில் எரியவே இல்லை. மெயினை இறக்கினேன். டெஸ்டரைக் கீழே வைத்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

உன் முதல் கேள்விக்கு: வெள்ளையடிப்பதற்காக நோன்புக்கு முந்தின வாரம் மெயின் போர்டை வேறு சுவருக்கு மாற்றினோம். முனுசாமி மாற்றினான், எங்கள் தெருவுக்கு அவன்தான் வயர்மேன். அப்போது பேஸும், கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றன. விளக்கு எரிந்தது, பேன் சுற்றியது. யாருக்கும் தெரியவில்லை. பெட்டிமேல் துணி போர்த்தி மூலையில் வைத்திருந்தோம். வியாழக்கிழமைதான் மறுபடி எடுத்து வைத்தேன். நான் பிடித்தது முன்பக்கத்து பிளாஸ்டிக்கை.

இரண்டாவது கேள்வி.

இங்கே மூன்று தடவை நிறுத்திவிட்டேன். சார் வந்து ஒரு வக்காலத்து டைப் அடிக்கச் சொன்னார். அடித்துக் கொடுத்தேன். மறுபடி இங்கேயே வந்து நிற்கிறேன்.

எர்த் போட்டவனும் முனுசாமிதான். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். காலையில் கூப்பிட்டு இன்றைக்கே வேண்டும் என்றேன். அவன் பிளக் பாயிண்ட் பெட்டியைக் கழற்றி, ஒரு விரல் நீளத்துக்குப் பச்சை ஒயர் வெட்டி, நியூட்ரலிலிருந்து எர்த் பின்னுக்கு உள்ளேயே இணைத்துவிட்டான். மூடினான். "ஆச்சும்மா" என்றான்.

நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எர்த் இவ்வளவு குட்டையாகவா இருக்கும் என்று நினைத்தேன். ஜோதி, நினைத்தேன். எனக்குத் தெரியும். எர்த் மண்ணுக்குள் போகவேண்டும், நியூட்ரலுக்குள் அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் சொன்னால் அவன் ஒரு பார்வை பார்ப்பான், டைப் அடிக்கிற பெண்ணுக்கு என்ன தெரியும் என்று. நீ சாயங்காலத்துக்குள் முடிக்கவேண்டும். பள்ளம் தோண்டினால் இரண்டு நாள். வந்து உன்னிடம் "எர்த் போட்டாச்சு" என்றேன்.

போர்டு மாறும்வரை அந்தத் துண்டு ஒயர் தூங்கிக்கொண்டிருந்தது. போர்டு மாறியதும் நியூட்ரல் இருந்த இடத்தில் பேஸ். அது அந்த விரல் நீளத்து வழியாக நேராக வாப்பாவின் கைக்கு.

உன் முதல் கடிதத்தைப் படித்தபோதே எனக்கு இலேசாகத் தோன்றியது. இரண்டு வாரம் பதில் எழுதாததற்கு அதுதான் காரணம். கோபம் அல்ல.

மெஹர்


கும்மிடிப்பூண்டி
3.12.2003

மெஹர்,

படித்ததும் முதலில் வந்தது நிம்மதி. அதை மறைக்கமாட்டேன். விடுதி மாடியில் துணி காயப்போடுகிற இடத்துக்குப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. ரோலிங் மில் பக்கம் வானம் சிவப்பாக இருந்தது. என் கை இல்லை, என் கை இல்லை என்று எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ஒரு மாதமாக மூச்சை எங்கேயோ பாதியில் பிடித்து வைத்திருந்திருக்கிறேன்.

பிறகு கோபம். உன்மேல். இரண்டு வாரம் நான் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கு இலேசாகத் தோன்றியிருக்கிறது. நீ ஒரு தபால் அட்டையில் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

பிறகு, இரண்டு நாள் கழித்து, மூன்றாவதாக ஒன்று. எர்த் இருக்கிறதா என்று உன்னிடம் கேட்டேன். இருக்கிறது என்றாய். பிளக் செருகினேன். பையில் மல்டிமீட்டர் இருந்தது. டெஸ்ட் லேம்ப் செய்ய ஒரு பல்பும் ஹோல்டரும் போதும். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்து எரியவிட்டு, எர்த் எங்கே போகிறது என்று சுவரைச் சுற்றி வந்து பார்த்திருக்கவேண்டும். பத்து நிமிடம். கேட்பது வேலை இல்லை. பார்ப்பதுதான் வேலை. உன் வாய்வார்த்தையின்மேல் அந்தப் பெட்டியின் உடம்பை மாட்டினேன்.

இன்னொன்றும் இருக்கிறது. பழைய இரண்டு முள் ஒயரையே விட்டிருந்தால் வாப்பாவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பாதுகாப்புக்கு என்று நான் சேர்த்த மூன்றாவது கம்பிதான் கரண்டைத் தகட்டுக்குக் கொண்டுவந்தது. இதை யாரும் என்னிடம் சொல்லப்போவதில்லை. அதனால் நானே எழுதி வைக்கிறேன்.

ஆகவே பங்கு போடவேண்டியது நம் இருவருக்குள்ளும், முனுசாமிக்கும். வாப்பாவுக்கு மட்டும் இதில் பங்கு இல்லை. அவரிடம் சொல். என் பெயரைக் காப்பாற்ற இல்லை. ஒரு மனிதர் உண்மையைச் சொல்லி, வீட்டில் ஒருவரும் நம்பாமல் ஒரு மாதம் இருந்திருக்கிறார்.

பள்ளம் தோண்டும்வரை அந்தப் பாயிண்டைத் தொடாதே. முனுசாமி தெருவில் வேறு எத்தனை வீட்டில் இதே மாதிரி இணைத்திருக்கிறான் என்று கேள்.

ஜோதி


திருவள்ளூர்
16.12.2003

ஜோதி,

சொல்லிவிட்டேன். நாளைத் தள்ளிக்கொண்டே வந்தேன். பன்னிரண்டாம் தேதி கட்டு பிரித்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ரிக்‌ஷாவில் வரும்போது சொன்னேன். ரிக்‌ஷாவில் எழுந்து போக முடியாது, அவருக்கும் எனக்கும்.

"வாப்பா, நீங்க சொன்னது சரி. நீங்க சுவிட்ச் போடல."

யார் சொன்னது என்று கேட்டார். ஜோதி என்றேன். அவள் எப்போது வந்து பார்த்தாள் என்றார். வரவில்லை, நீங்கள் சொன்னதை எழுதினேன், அவள் நம்பினாள் என்றேன்.

"ஒரு மாசமா இந்த ஊட்டுல கத்திக்கினு கீறேன். ஒருத்தி காதுலயும் ஏறல. கும்மிடிப்பூண்டில கீறவளுக்குக் கேக்குது."

பிறகு பச்சை ஒயரைச் சொன்னேன். நான் பக்கத்தில் நின்றதை. தெரிந்தா, தெரியாமலா என்று கேட்டார். தெரிந்துதான் என்றேன். கத்துவார் என்று நினைத்தேன். புதுத் தோல் வந்த கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "அப்ப இன்னாத்துக்கும்மா அந்த சர்டிபிகேட்ட பிரேம் போட்டு மாட்டிக்கிறோம்? எறக்கிடலாமா?" என்றார். ரிக்‌ஷாக்காரர் சிரித்துவிட்டார். நானும். கண்ணில் தண்ணீர் வந்தது, அதை யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் முனுசாமியை வரவழைத்தார். முனுசாமி மறுக்கவே இல்லை, அதுதான் ஆச்சரியம். "பாய், எர்த்துன்னா எட்டு அடி தோண்டணும். பைப்பு, கரி, உப்பு, எல்லாம் வேணும். பாப்பா இன்னிக்கே வேணும்னுச்சு. இந்தத் தெருவுல பாதி ஊட்டுல இப்டித்தான் கட்டிக்கினு கீது. ஒண்ணும் ஆனதில்ல."

வாப்பா வலது கையைத் தூக்கிக் காட்டினார். முனுசாமி தலை குனிந்தான். பிறகு மண்வெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டான்.

கைபம்புக்குப் பக்கத்தில் பள்ளம். மழைக்கு மண் வெண்ணெய் மாதிரி வெட்டுப்பட்டது. கரி ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு. உம்மா ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, ஊறுகாய் போடுகிறீர்களா என்று கேட்டார். ஒரு மாதத்துக்குப் பிறகு உம்மா சொன்ன முதல் வேடிக்கை. மெயினில் இடம் மாறியதையும் முனுசாமி சரி செய்தான், நான் டெஸ்டரோடு தலைமாட்டில் நின்றேன். துண்டு ஒயரை நானே கட்டிங் பிளேயரால் வெட்டி எடுத்தேன். டெஸ்ட் லேம்ப் வைத்தேன். நூறு வாட் பல்பு முழுசாக எரிந்தது.

நீ கேட்டதையும் செய்தேன். முனுசாமி நாலு வீடு சொன்னான். நான்கிற்கும் போனேன். வாப்பா கூடவே வந்தார், வாசலில் நின்று "எம் பொண்ணு பாக்கும், அது டிப்ளமோ" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னார். மூன்றில் ஆபத்து இல்லை, துண்டு ஒயர் இருக்கிறது, இடம் மாறவில்லை. அவற்றை எடுக்கச் சொன்னேன். நாலாவது கங்கம்மா வீடு. அங்கே வாஷிங் மெஷினில். மெஷினுக்குப் பக்கத்தில்தான் பேரனைக் குளிப்பாட்டுகிறார்கள். அங்கேயும் பேஸ் நேராகத்தான் இருந்தது. ஆனால் மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் புது மெயின் போர்டு மாற்றுவதாக இருந்தது ஜோதி. போர்டு வந்து சுவரில் சாய்த்து வைத்திருந்தது. முனுசாமிதான் மாட்டுவதாக இருந்தான். துண்டு ஒயரை அப்போதே எடுக்கவைத்தேன்.

திரும்பி வரும்போது டீக்கடையில் உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு டீ குடித்தோம்.

மெஹர்


திருவள்ளூர்
5.1.2004

ஜோதி,

நேற்று பெட்டியைச் சாக்கிலிருந்து எடுத்தோம். பழைய இரும்புக்காரன் இரண்டு முறை வந்து கேட்டுவிட்டுப் போனான்.

நீ இடையில் எழுதியபடி எல்லாவற்றையும் மீட்டரை ஓம் அளவில் வைத்துப் பார்த்தேன். தகட்டிலிருந்து எர்த் முள்ளுக்கு ஒன்றுமே காட்டாத அளவுக்குச் சின்ன எண். மற்ற இரண்டு முள்ளுக்கும் தொடர்பே இல்லை. மீட்டர் வாடகைக்கு வாங்கினேன். திருப்பிக் கொடுக்கவில்லை, விலைக்கே எடுத்துக்கொண்டேன்.

பிளக் செருகினேன். முதலில் நான் தொட்டேன். வாப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "நீ தொட்டா கணக்கில்ல. அவன் தொடட்டும்." வாப்பா வரவழைத்திருந்த முனுசாமி இரண்டு கையையும் வைத்தான். அப்படியே ஒரு நிமிடம் நிற்கச் சொன்னார். நின்றான். பிறகுதான் அவர் உட்கார்ந்தார், இடது கையை வைத்தார். எடுத்தார். வலது கையை வைத்தார்.

கிராஅத் போட்டேன். ஓதுகிறவர் நிறுத்துகிற இடம் வந்தது. ஒன்றுமில்லை. வெறும் மூச்சு. அந்தப் பெரியவரின் நாக்கு உலர்ந்திருப்பதுகூடக் கேட்டது. அவ்வளவு வெறுமையாக ஒரு இடத்தை நீ செய்து வைத்திருக்கிறாய். செப்டம்பரில் எனக்கு அதைக் கேட்கத் தெரியவில்லை. நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு உன் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடிவந்தேன்.

வாப்பா குறை சொன்னார். முன்னே குறட்டை இருந்ததால் விழித்துக்கொண்டு கேட்பாராம். இப்போது தூக்கம் வருகிறதாம். சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார். கை பெட்டிமேலேயே இருந்தது. உம்மா வந்து எடுக்கப் போனார். பிறகு எடுக்காமல் போய்விட்டார்.

வாப்பா உன் விடுதி நம்பரைக் கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமை இருப்பாய் அல்லவா?

மெஹர்


கும்மிடிப்பூண்டி
14.1.2004

மெஹர்,

ஞாயிற்றுக்கிழமை வார்டன் கூப்பிட்டார். மாடிப்படியை எப்படி இறங்கினேன் என்று தெரியாது.

வாப்பா மன்னிப்பு என்றெல்லாம் ஒன்றும் பேசவில்லை. நாஷ்டா ஆச்சா என்றார். ஆச்சு என்றேன். அங்கே மழையா என்றார். விட்டுவிட்டது என்றேன். பிறகு, "அன்னிக்கு லைன் கட் ஆவல. நான்தான் வச்சேன்" என்றார். தெரியும் வாப்பா என்றேன். "அத சொல்லிடலாம்னுதான்" என்றார். அவ்வளவுதான். மூன்று நிமிடம்கூட இல்லை. வார்டன் என்னைப் பார்த்து, ஊரில் யாருக்காவது ஏதாவதா என்று கேட்டார். ஒன்றும் இல்லை, எல்லோரும் நன்றாயிருக்கிறார்கள் என்றேன். சொல்லும்போதே அது உண்மை என்று உறைத்தது.

மறுநாள் சாராள் அக்காவிடம் போனேன். சால்டரிங் வேண்டும் என்றேன். "பொட்டி ஒட்டி அலுத்துட்டியா?" என்றார். காரணம் கேட்டார். இந்தத் தடவை முழுவதையும் சொன்னேன், ஸ்லீவ், பச்சை ஒயர், மூன்றாவது முள், எல்லாம். கேட்டுவிட்டு, எல்லாப் பெண்களுக்கும் சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை சொல் என்றார். நேற்று சொன்னேன். முப்பது பேர். பாதிப் பேர் அவரவர் வீட்டுப் பாயிண்டைப் பார்க்கப்போவதாகச் சொன்னார்கள்.

என் பழைய மேஜையில் இப்போது கிரேஸ் என்றொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு ஜன்னல் பக்கம் கொடுத்திருக்கிறார்கள். முதல் ஜாயிண்டில் ஈயம் மங்கலாகப் படிந்தது. உறிஞ்சி எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். இரண்டாவதும் அப்படித்தான். பத்தாவது பளிச்சென்று உட்கார்ந்தது. ஆனால் பழைய மாதிரி இல்லை மெஹர். பழைய வேகத்தில் நானூறு வரவில்லை. முந்நூற்றுப் பத்து. ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறேன். அக்கா கணக்கைப் பார்த்தார், அப்படியே எழுதிக்கொண்டார்.

முடித்த போர்டில் அவரவர் எண்ணை ஒட்டவேண்டும், யார் செய்தது என்று தெரிவதற்காக. என்னுடைய பழைய எண்ணை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். புதிதாக அறுபத்தேழு. இன்று முதல் கட்டு வெளியே போயிற்று. எங்கேயோ ஒரு வீட்டில், ஒரு கடையில், ஒரு ஆஸ்பத்திரியில் மாட்டுவார்கள். என்றைக்காவது யாராவது அதைத் திறந்தால் உள்ளே அறுபத்தேழு என்று இருக்கும்.

இருக்கட்டும்.

ஜோதி